கரண்ட் வைத்தியத்தின் கதை: 25 நாளும் 3000 கிலோமீட்டரும்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் "கதிர்வீச்சு சிகிச்சை" என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும் என்று சொல்ல முடியாது. "கரண்ட் வைக்கிறது" என்று சொல்லுங்கள், உடனே புரிந்துவிடும். "அவங்களுக்கு மார்புல கட்டி. ஆபரேஷன் முடிஞ்சு இப்ப கரண்ட் வெச்சிட்டு இருக்காங்க" என்று பேசிக்கொள்வார்கள். சிலர் "லைட் வைக்கிறது" என்றும் சொல்வார்கள்.

உண்மையில் இந்த சிகிச்சையில் நோயாளியின் உடம்பில் கரண்ட் எதுவும் பாய்வதில்லை. ஷாக் அடிக்காது. மேசையில் படுக்க வேண்டும், அசையக் கூடாது, சில நிமிடங்களில் எழுந்து வந்துவிடலாம். எக்ஸ்ரே எடுப்பது எப்படி வலிக்காதோ அப்படித்தான் இதுவும் வலிக்காது. ஆனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, பெயரோடு சேர்ந்து பயமும் ஒட்டிக்கொண்டது. உடம்பு கருகிவிடும், இருக்கிற தெம்பும் போய்விடும், குழந்தையைத் தொடக் கூடாது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள்.

இந்தப் பயம் வெறும் கற்பனையா? முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரு காலத்தில் உண்மையாகவே தோல் கருகியது. பிறகு அது எப்படிக் குறைந்தது என்பது 125 ஆண்டுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு. அதைப் படிக்கும்போது இன்னொரு விஷயமும் தெரிய வரும். இந்த சிகிச்சையின் கஷ்டத்தில் பாதி தோலில் இருக்கிறது என்றால், மீதிப் பாதி பஸ் டிக்கெட்டில் இருக்கிறது!

பக்க விளைவுதான் முதலில் வந்தது

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே உலகம் முழுக்க எக்ஸ்ரே குழாய்களை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். இதில் ஆபத்து இருக்கிறது என்று அன்று யாருக்கும் தெரியாது. கதிர் சரியாக வருகிறதா என்று தங்கள் கையை நீட்டியே பார்த்தார்கள். கை சிவந்தது, முடி உதிர்ந்தது, புண் வந்தது. எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி இப்படியே கைகளை இழந்து 1904இல் இறந்துபோனார்.

ரேடியத்திலும் இதே கதைதான். மேரி கியூரியும் பியர் கியூரியும் 1898இல் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். பெக்கரல் என்ற விஞ்ஞானி 1901இல் ரேடியம் இருந்த சின்னக் குழாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். சில நாள் கழித்து அந்த இடத்துத் தோல் வெந்தது போல ஆகிவிட்டது. பியர் கியூரி தன் கையிலேயே ரேடியத்தைக் கட்டிவைத்துச் சோதித்தார். அவருக்கும் புண் வந்தது.

இங்கேதான் மருத்துவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல தோலையே அழிக்கிற சக்தி இதற்கு இருக்கிறது என்றால், கெட்ட கட்டியை ஏன் அழிக்காது? சிகாகோவைச் சேர்ந்த எமில் க்ரப், 1896 ஜனவரியிலேயே மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணுக்கு எக்ஸ் கதிர் வைத்ததாகப் பின்னாளில் எழுதினார். அதாவது கண்டுபிடிப்பு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

பொதுவாக முதலில் மருந்து வரும், பிறகுதான் அதன் பக்க விளைவு தெரியும். கதிர்வீச்சில் அது தலைகீழாக நடந்தது. முதலில் பக்க விளைவு, அதிலிருந்து பிறந்ததுதான் மருந்து. அதனால் நல்ல செல்லைக் காப்பாற்றிக்கொண்டு கெட்ட செல்லை மட்டும் எப்படி அடிப்பது என்ற கேள்வி அன்று முதல் இன்று வரை இந்தத் துறையை விடாமல் துரத்திக்கொண்டே இருக்கிறது.

ஆட்டுக்கிடா சொல்லிக்கொடுத்த பாடம்

அந்தக் கேள்விக்கு ஒரு முக்கியமான பதில் கிடைத்தது பாரிஸ் நகரில். கிளாடியஸ் ரெகோ என்ற ஆராய்ச்சியாளர் ஆட்டுக்கிடாக்களின் விதைப்பையில் கதிர்வீச்சைச் செலுத்திப் பார்த்தார். மொத்த அளவையும் ஒரே தடவையில் கொடுத்தால் கிடாவுக்கு மலடு உண்டாவதற்குள் மேல் தோல் மோசமாக அழிந்துவிட்டது. அதையே பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது மலடும் உண்டானது, தோலும் தப்பித்தது. வேகமாகப் பெருகும் விந்துச் செல்லைப் போலத்தான் புற்றுநோய்ச் செல்லும் என்று அவர் கருதினார். 1920களில் அவரும் அவருடன் பணியாற்றிய கூட்டார் என்பவரும் இந்த முறையை நோயாளிகளிடம் கொண்டுவந்தார்கள்.

இதன் கணக்கு எளிமையானது. ஒவ்வொரு தடவையும் கதிர் பட்டதும் நல்ல செல், கெட்ட செல் இரண்டுமே அடிபடும். இடையில் ஒரு நாள் கிடைத்தால் நல்ல செல் தன் சேதத்தைப் பெரும்பாலும் சரிசெய்துகொள்ளும். புற்றுநோய்ச் செல்லால் அந்த அளவுக்கு முடியாது. பெரிய கடனை ஒரே நாளில் கட்டச் சொன்னால் குடும்பம் நொடித்துவிடும், தவணையாகக் கேட்டால் தாங்கும் அல்லவா? அதுபோலத்தான் நல்ல செல்லும்.

இந்தத் தவணை முறைதான் பின்னாளில் மார்பகப் புற்றுநோய்க்கு வாரம் 5 நாள், 5 வாரம், மொத்தம் 25 நாள் என்று நிலைபெற்றது. ஒரு நாளைக்கு 2 கிரே, மொத்தம் 50 கிரே. கிரே என்பது உடம்பு உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு. தோலைக் காப்பாற்ற வந்ததுதான் இந்த 25 நாள். ஆனால் தினமும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய தொல்லையும் இதனோடு சேர்ந்தே வந்துவிட்டது.

கெய்ன்ஸின் தம்பி

பொருளாதாரம் படிக்கிறவர்களுக்கு ஜான் மேனார்ட் கெய்ன்ஸைத் தெரியாமல் இருக்காது. அவருடைய தம்பி ஜெஃப்ரி கெய்ன்ஸ் லண்டனில் அறுவை மருத்துவர் என்பது பலருக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் மார்பகப் புற்றுநோய் என்றால் ஹால்ஸ்டட் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த ஆபரேஷன்தான். மார்பகம், அதன் கீழே உள்ள நெஞ்சுத் தசை, அக்குளில் உள்ள நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துவிடுவார்கள். உயிர் பிழைத்த பெண்கள் பலருக்குக் கை வீங்கும், தோள் அசையாது, நெஞ்சுக்கூடு குழிந்து கிடக்கும்.

ஜெஃப்ரி கெய்ன்ஸ் 1920களில் ரேடியம் ஊசிகளை மார்பகத்துக்குள் செருகிவைத்து, சின்ன ஆபரேஷனோடு சிகிச்சை செய்தார். அதன் பலன் பெரிய ஆபரேஷனுக்குக் குறைந்ததில்லை என்று 1937இல் எழுதினார். அன்றைய பெரிய மருத்துவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அண்ணன் சொன்ன பொருளாதாரம் சில ஆண்டுகளிலேயே உலகத்தை மாற்றியது. தம்பி சொன்ன வைத்தியம் சுமார் 40 ஆண்டுகள் காத்திருந்தது!

1970களில் இத்தாலியில் வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் பெண்களை இரண்டு மூன்று பிரிவாகப் பிரித்து முறையாகச் சோதித்தார்கள். ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தாலும், மார்பகத்தையே எடுத்தாலும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. 20 ஆண்டு முடிவுகள் 2002இல் வந்தபோதும் அதே பதில்தான்.

சரி, கட்டியை எடுத்தாகிவிட்டதே, பிறகு எதற்குக் கதிர்வீச்சு? கண்ணுக்குத் தெரியாத செல்கள் உள்ளே தங்கியிருக்கும் என்பதால்தான். மார்பகத்தைக் காப்பாற்றிச் செய்த ஆபரேஷன்கள் தொடர்பான 17 ஆய்வுகளில் இருந்த 10,801 பெண்களின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2011இல் ஒரு முடிவு வெளியானது. கதிர்வீச்சு இல்லாதவர்களில் 10 ஆண்டுக்குள் 35 சதவீதம் பேருக்கு நோய் திரும்ப வந்தது. கதிர்வீச்சு எடுத்துக்கொண்டவர்களில் அது 19 சதவீதம்தான். "ஆபரேஷன் ஆயிடுச்சு, இனி எதுக்கு கரண்ட்டு" என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களே போதும்.

சென்னைக்கு வந்த கதிர்

தமிழ்நாட்டில் சென்னை பொது மருத்துவமனையோடு சேர்ந்த பர்னார்டு கதிரியல் நிறுவனம் 1934இல் தொடங்கியது. ஆனால் புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை வருவதற்கு இன்னும் 20 ஆண்டுகள் ஆயின. அதற்குக் காரணமானவர் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1948இல் புதுக்கோட்டை சமஸ்தானம் திருச்சி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டு, 1974இல் தனி மாவட்டமாகும் வரை அப்படியே இருந்தது. அன்று பெரம்பலூரும் அரியலூரும்கூடத் திருச்சி மாவட்டம்தான். ஒரு வகையில் அவர் இந்தப் பக்கத்து ஊர்க்காரர்!

முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அந்த வேதனையை அவர் மறக்கவில்லை. இந்திய மாதர் சங்கம் மூலமாக நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 2021 ஜனவரி 19இல் இறக்கும் வரை சாந்தாவின் வாழ்க்கை அந்த மருத்துவமனையாகவே இருந்தது.

கனடாவில் 1951இல்தான் கோபால்ட் இயந்திரத்தால் முதன்முதலாக சிகிச்சை நடந்தது. அந்த 1950கள் முடிவதற்குள் அடையாறுக்கும் கோபால்ட் இயந்திரம் வந்துவிட்டது. 1970களில் லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற அடுத்த தலைமுறை இயந்திரமும் வந்தது. வெட்கத்தாலும் பயத்தாலும் நோயை மறைத்து, கட்டி பெரிதான பிறகே பெண்கள் வருவார்கள். அப்படி வந்தவர்களுக்கு அடையாறில் ஆபரேஷனுக்கு முன்பே மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்துக் கட்டியைச் சுருக்கும் முறையைக் கையாண்டார்கள். மேல்நாட்டுப் புத்தகத்தை அப்படியே பின்பற்றாமல், நம் ஊர்ப் பெண்கள் எந்த நிலையில் வருகிறார்களோ அதற்குத் தக்கபடி சிகிச்சை செய்தார்கள்.

தோல் கருகியது ஏன், குறைந்தது எப்படி?

பழைய எக்ஸ்ரே இயந்திரங்களின் சக்தி குறைவு. அதனால் கதிர் தன் முழு பலத்தையும் மேல் தோலிலேயே இறக்கிவிடும். உள்ளே இருக்கும் கட்டிக்குப் போதுமான அளவு போய்ச் சேர வேண்டும் என்றால் தோல் வெந்துதான் ஆக வேண்டும். நம் ஊர்களில் சொல்லப்படும் "கருகிடும்" என்ற பயத்தின் வேர் இந்தக் காலத்தில்தான் இருக்கிறது.

கோபால்ட் கதிரின் சக்தி அதிகம். அது தோலைத் தாண்டி சுமார் அரை சென்டிமீட்டர் உள்ளே போன பிறகுதான் முழு பலத்தை அடையும். பரவலாகப் பயன்படும் 6 மெகாவோல்ட் லீனியர் ஆக்சிலரேட்டரில் அது சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். இந்த ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம்தான் ஆயிரக்கணக்கான பெண்களின் தோலைக் காப்பாற்றியது.

கோபால்ட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. அதன் சக்தி 5.27 ஆண்டில் பாதியாகிவிடும். கணக்கியல் படித்தவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும், இது ஆண்டுக்கு சுமார் 12 சதவீதம் தேய்மானம், அதுவும் குறைந்து செல் மதிப்பு முறையில்! சக்தி பாதியானால் நோயாளி மேசையில் படுத்திருக்க வேண்டிய நேரம் இரு மடங்கு. அதனால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுக் கோபால்ட் வாங்கி மாற்றியாக வேண்டும். ஆனால் மின்தடை அதிகம் உள்ள இடத்திலும் அது வேலை செய்யும், பராமரிப்புச் செலவும் குறைவு. அதனால்தான் பாபா அணு ஆராய்ச்சி மையம் 2000களில் பாபாட்ரான் என்ற சொந்த கோபால்ட் இயந்திரத்தையே உருவாக்கியது.

பெரம்பலூர்க் கணக்கு

இப்போது பஸ் டிக்கெட்டுக்கு வருவோம்.

பெரம்பலூர் 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் திரும்பவும் தனி மாவட்டமானது. மாவட்டம் பிரிந்தால் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வரும். கதிர்வீச்சு இயந்திரம் அப்படி வந்துவிடாது. அதற்குக் கனத்த கான்கிரீட் சுவர் கொண்ட அறை வேண்டும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும், கதிர்வீச்சு மருத்துவர் மட்டுமல்லாமல் மருத்துவ இயற்பியலாளரும் வேண்டும். அதனால் இந்த இரண்டு மாவட்டத்துப் பெண்களும் நெடுங்காலமாகப் போய்வந்தது திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும்தான். முடிந்தவர்கள் சென்னைக்கோ வேலூருக்கோ போய்த் தங்கினார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பெரம்பலூரிலிருந்து திருச்சி சுமார் 60 கிலோமீட்டர். போக வர 120. இதை 25 நாளால் பெருக்கினால் 3000 கிலோமீட்டர்! சில நிமிட சிகிச்சைக்காக ஒரு பெண் கிட்டத்தட்ட கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை பயணம் செய்கிறாள். அதுவும் சிகிச்சையால் சோர்ந்த உடம்போடு, ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையால் கம்பியைப் பிடிக்க முடியாமல், கூட்டமான பஸ்ஸில்.

புற்றுநோயாளிகள் சிகிச்சைக்காகப் பயணம் செய்யும்போது ரயில்வே நல்ல கட்டணச் சலுகை கொடுக்கிறது. படுக்கை வசதி வகுப்பில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, துணைக்கு வருபவருக்கும் 75 சதவீதம் தள்ளுபடி. அரியலூர் சென்னை-திருச்சி ரயில் பாதையில் இருப்பதால் அந்த ஊர்க்காரர்கள் இதைப் பயன்படுத்தலாம். பெரம்பலூரிலோ ரயில் நிலையமே கிடையாது!

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்த பிறகு சிகிச்சைச் செலவு என்ற பெரிய சுமை ஏழைகளுக்குக் குறைந்தது உண்மை. ஆனால் வணிகவியலில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று படிக்கிறோம் அல்லவா? ஒன்றைச் செய்வதற்காக நாம் இழக்கும் இன்னொன்றின் மதிப்பு. சின்ன வெங்காயம் அறுக்கிற, பருத்தி எடுக்கிற, மக்காச்சோளக் காட்டில் களை வெட்டுகிற ஒரு கூலிப் பெண்ணுக்கு 25 நாள் என்பது 25 நாள் கூலி. துணைக்குப் போகும் கணவருக்கோ மகனுக்கோ இன்னொரு 25 நாள் கூலி. வீட்டில் ஆடு மாடு இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். இந்தச் செலவு எந்தக் காப்பீட்டு அட்டையிலும் வராது. பாதியில் நிறுத்திவிட்டால் "பயந்துட்டாங்க" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பல வீடுகளில் கட்டுப்படியாகாததுதான் காரணமாக இருக்கும்.

சுருங்கிய நாட்கள்

அப்படியானால் 25 நாளைக் குறைக்க முடியாதா? முன்பே முயற்சி செய்தார்கள். ஆனால் நாளைக் குறைத்து ஒவ்வொரு தடவையும் அதிக அளவு கொடுத்தபோது, மொத்த அளவைச் சரியாகக் குறைக்காத இடங்களில் ஆண்டுகள் கழித்துக் கெடுதல் வந்தது. இங்கிலாந்தில் தோள் நரம்புகள் பாதிக்கப்பட்டுக் கை செயலிழந்த பெண்கள் 1990களில் ஒன்றுசேர்ந்து போராடவே செய்தார்கள். அவர்கள் எழுப்பிய குரல் வீண் போகவில்லை. கதிர்வீச்சின் அளவும் தரமும் எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்ற கவனம் கூடியது.

அந்த இங்கிலாந்திலேயே 1999இல் தொடங்கிய ஆய்வில், 25 நாளில் 50 கிரே கொடுப்பதற்குப் பதிலாக 15 நாளில் 40 கிரே கொடுத்துப் பார்த்தார்கள். மொத்த அளவு குறைந்திருப்பதைக் கவனியுங்கள். 2013இல் வெளியான 10 ஆண்டு முடிவில் நோய் திரும்புவது கூடவில்லை, மார்பகம் இறுகுவது, வீங்குவது போன்ற நீண்டகால பக்க விளைவுகள் குறைந்திருந்தன. கனடாவில் 16 நாள் முறையும் இதே பலனை 2010இல் காட்டியிருந்தது. மார்பகப் புற்றுநோய்ச் செல், ஒவ்வொரு தடவையும் கொடுக்கும் அளவு சற்றுக் கூடினால் நன்றாகவே அடிபடும் என்பதுதான் இதன் ரகசியம்.

2020இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 4096 பேர் கலந்துகொண்ட ஆய்வில் ஒரே வாரத்தில் 5 நாளாக மொத்தம் 26 கிரே கொடுத்தாலும், 15 நாள் முறைக்குச் சளைக்காமல் நோயைக் கட்டுப்படுத்துகிறது என்று 5 ஆண்டு முடிவு வந்தது.

இப்போது பெரம்பலூர்க் கணக்கைத் திரும்பப் போடுங்கள். 25 நாளுக்கு 3000 கிலோமீட்டர். 15 நாளுக்கு 1800. 5 நாளுக்கு 600. மேல்நாட்டுக்காரர்களுக்கு இது வசதி. இந்தப் பக்கத்துப் பெண்ணுக்கோ சிகிச்சையை முடிப்பதா, பாதியில் விடுவதா என்பதையே தீர்மானிக்கும் எண். எல்லோருக்கும் எல்லா முறையும் பொருந்தாது, நோயின் நிலையைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் "எனக்குக் குறைந்த நாள் முறை சரிப்படுமா?" என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு நோயாளிக்கும் உண்டு.

அந்த வாரங்களைத் தாண்டுவது எப்படி?

இன்றைய இயந்திரங்களிலும் பக்க விளைவு சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது எப்போது வரும், எப்போது போகும் என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தோலில் மாற்றம் தெரியும். புத்தகத்தில் தோல் சிவக்கும் என்று போட்டிருக்கும். நம் நிறத்துக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, கறுத்துப்போவதுதான் தெரியும். எரிச்சல், அரிப்பு இருந்தால் சிவக்கவில்லையே என்று சும்மா இருக்காமல் சொல்லிவிட வேண்டும். மார்பின் கீழ் மடிப்பிலும் அக்குளிலும்தான் வியர்வையும் உரசலும் சேர்ந்து தோல் உரியும். சிகிச்சை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் இது கூடலாம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதன் பிறகு சில வாரங்களில் ஆறிவிடும்.

குளிக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு போதும். தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். மருத்துவமனையில் போட்ட மைக்கோடுகள் அழியக் கூடாது, கதிர் எங்கே பட வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். மஞ்சள், சந்தனம், பவுடர், தைலம், பச்சிலைப் பற்று எதுவும் அந்த இடத்தில் வேண்டாம். மருத்துவர் கொடுத்த களிம்பு மட்டும் போதும். இறுக்கமான ஜாக்கெட்டைத் தவிர்த்து, தளர்வான பருத்தித் துணி போடலாம். வெந்நீர் ஒத்தடமும் கூடாது, ஐஸ் ஒத்தடமும் கூடாது. வெயில் நேரடியாகப் படாமல் முந்தானையால் மூடிக்கொள்ள வேண்டும்.

சோர்வு வரும். வேலை செய்யாமலே களைப்பாக இருக்கும். இது சோம்பேறித்தனம் இல்லை என்பதை நோயாளியைவிட வீட்டில் உள்ளவர்கள் புரிந்துகொள்வது முக்கியம். முழுக்கப் படுத்தே இருப்பதைவிடத் தினமும் சிறிது தூரம் நடப்பது சோர்வைக் குறைக்கும்.

அக்குள் ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கை வீங்கக்கூடும். சுவரில் விரலால் மெல்ல ஏறுவது போன்ற பயிற்சிகளை மருத்துவமனையில் சொல்லித் தருவார்கள், அதை விடக் கூடாது. களை வெட்டும்போதும் பருத்தி எடுக்கும்போதும் அந்தக் கையில் கீறல் படாமல் உறை போட்டுக்கொள்வது நல்லது. கீறல் பட்டுக் கை சிவந்து வீங்கினால் உடனே காட்ட வேண்டும்.

இடது மார்பகம் என்றால் இதயத்தின் மேல் கதிர் படாமல் கவனிக்க வேண்டும். 1958 முதல் 2001 வரை ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் சிகிச்சை பெற்ற பெண்களைப் பற்றிய ஆய்வு 2013இல் வந்தது. இதயத்தில் படும் கதிர் கூடக்கூடப் பிற்கால இதய நோயும் கூடுகிறது என்று அது காட்டியது. இன்று பல இடங்களில் மூச்சை ஆழமாக இழுத்து அடக்கச் சொல்லி, இதயம் விலகியிருக்கும் நேரத்தில் கதிரைச் செலுத்துகிறார்கள். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தலைமுடி? மார்பில் வைக்கும் கதிருக்குத் தலைமுடி கொட்டாது. கொட்டுவது கீமோதெரபி மருந்தால். குழந்தையைத் தொடலாமா? தாராளமாகத் தொடலாம், தூக்கிக் கொஞ்சலாம். வெளியிலிருந்து செலுத்தும் கதிர் இயந்திரத்தை நிறுத்தியதும் நின்றுவிடுகிறது, நோயாளியின் உடம்பில் எதுவும் தங்குவதில்லை. தனித் தட்டு, தனிப் பாய் எதுவும் தேவையில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பாதியில் நிறுத்தக் கூடாது. தோல் உரிந்து நீர் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ வீட்டில் தங்கிவிடாமல் மருத்துவமனையில் போய்ச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் நிறுத்தி வைப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

தூரம் குறைய வேண்டும்

2020இல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,78,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததாக உலக அளவிலான மதிப்பீடு சொல்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் முதலிடம். 2022 ஜனவரி 12இல் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. மருத்துவம் மெல்ல மெல்லப் பக்கத்தில் வருகிறது என்பதற்கு இது நல்ல அடையாளம்.

வரலாற்றைப் பார்த்தால் இந்த சிகிச்சை ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் கொஞ்சமாக இரக்கம் கற்றுக்கொண்டே வந்திருக்கிறது. ரெகோவின் தவணை முறை தோலைக் காத்தது. கெய்ன்ஸின் தம்பி மார்பகத்தைக் காக்கலாம் என்றார். முத்துலட்சுமியும் சாந்தாவும் அதை ஏழைகளுக்குக் கொண்டுவந்தார்கள். 15 நாளும் 5 நாளும் கூலியைக் காக்கின்றன. பயணத்தைக் குறைப்பதுதான் பாக்கி. அது விஞ்ஞானிகள் கையில் மட்டும் இல்லை, அரசாங்கத்தின் கையிலும் நம் கையிலும் இருக்கிறது.

உங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கோ அத்தைக்கோ "கரண்ட்" வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், "உடம்பு கருகிடுமாமே" என்று விசாரிக்காதீர்கள். "எத்தனை நாள் போகணும், ஒரு நாள் நான் கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். அந்த ஒரு நாள் அவர்கள் வீட்டில் ஒருவருடைய கூலி மிஞ்சும்.